கிராண்ட் வெட்டி முடிக்காத கால்வாய்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்து பாருங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை டீத்தூள் போடுங்கள். தூள் ஊறி அடியில் இறங்கியதும் ஸ்பூனால் நன்றாகச் சுழற்றிவிட்டு, ஸ்பூனை எடுத்துவிடுங்கள். தூள் ஓரத்தில் போய் ஒட்டும் என்றுதானே நினைப்போம்? ஒட்டாது. நடுவில் வந்து குவியும்.

ஆறு ஏன் வளைகிறது என்பதை 1926-இல் ஐன்ஸ்டைன் இதை வைத்துத்தான் விளக்கினார். சுழலும்போது மேல்நீர் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. அடிநீர் தரையில் உரசி வேகம் குறைவதால் உள்ளே நகர்கிறது, தூளையும் இழுத்துக்கொண்டு. ஆற்று வளைவிலும் இதே கதைதான். வெளிக்கரை அரிபடுகிறது, உட்கரையில் மணல் சேருகிறது. வளைந்த ஆறு மேலும் வளைகிறது. கடைசியில் நடுவே ஒரு குறுகலான கழுத்து மிஞ்சும். பெருவெள்ளத்தில் அதுவும் அறுந்தால், பழைய வளைவு ஆற்றோடு தொடர்பில்லாத வளைந்த ஏரியாகத் தனித்துப்போய்விடும். இதைத்தான் குருட்டு ஆறு என்கிறோம்.

சரி, மிசிசிப்பிக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் விக்ஸ்பர்க் நகரம் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கையில் இருந்தது. நகரத்துக்கு எதிரே ஆறு கொண்டை ஊசி போல வளைந்து திரும்பும், மேட்டில் பீரங்கிகள். அந்த வளைவுக்குள் போகாமல் தப்பிக்க, எதிர்க்கரை நிலத்தை அறுத்துக் கால்வாய் வெட்ட வடக்குப் படை 1862-இலேயே முயன்றது. 1863-இல் தளபதி கிராண்ட் அந்த வேலையை மறுபடி எடுத்தார். சிப்பாய்களும் அடிமைத்தளையிலிருந்து வந்த கறுப்பின மக்களும் சேற்றில் நின்று வெட்டினார்கள். நோயில் பலர் செத்தார்கள். மார்ச்சில் வெள்ளம் வந்து வேலையைக் கெடுத்தது. அப்புறம் வேறு வழியாகச் சுற்றிப் போய்த்தான் நகரத்தைப் பிடித்தார்.

1876 ஏப்ரல் 26 அன்று அதே நிலத்தை ஆறு தானாகவே அறுத்துக்கொண்டு போனது. அப்போது கிராண்ட் நாட்டின் ஜனாதிபதி! விக்ஸ்பர்க் துறைமுகம் ஆறில்லாமல் நின்றது. யாசூ ஆற்றைத் திருப்பி நகரத்தின் முன்னால் தண்ணீர் கொண்டுவர 1903 ஆகிவிட்டது.

ஆற்றையே எல்லையாக வைத்த இடங்களின் வழக்குகளில், ஆறு மெல்ல நகர்ந்ததா, திடீரென்று தாவியதா என்ற வித்தியாசம் வருகிறது. ஆறு மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். திடீரென்று அறுத்துக்கொண்டு போனால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். 1877-இல் மிசௌரி ஆறு தாவியதால் அயோவா மாநிலத்தின் ஒரு துண்டு நெப்ராஸ்கா பக்கம் ஒதுங்கியது. அது அயோவாவுக்கே என்று 1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகர மையத்திலிருந்து அந்த ஊர் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் இன்றும் நடுவில் கொஞ்ச தூரம் அயோவாவுக்குள் புகுந்துதான் போகிறார்கள்.