வாக்குத்தத்தம் இன்னும் நிறைவேறலையே, என் விசுவாசம் குறைவா?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் வந்ததுல ஒரு கேள்வி என்னைத் தூங்க விடல. ஒரு சகோதரி எழுதியிருக்காங்க: "ஐயா, மூணு வருஷத்துக்கு முன்னாடி புது வருஷ ஆராதனையில, வேத வசனம் அச்சடிச்ச வாக்குத்தத்த அட்டை ஒண்ணு எடுத்தேன். எரேமியா 29:11 வந்தது. என் மகனுக்குத்தான்னு பிடிச்சுக்கிட்டு ஜெபிக்கிறேன். இன்னும் வேலை அமையல. உனக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்றாங்க. அப்படியா?"

சொன்னவங்க யாரோ, அவங்களை 10-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்க. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே"ங்கிறதைக் காலண்டர்ல போடறோம். அதுக்கு முந்தின வரி, பாபிலோன்ல எழுபது வருஷம் ஆன பிறகுதான் உங்களைச் சந்திப்பேன்னு இருக்கு. அதை யாரும் அட்டையில அச்சடிக்க மாட்டாங்க! எருசலேம்லேர்ந்து பாபிலோனுக்குச் சிறையா கொண்டுபோனவங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின கடிதம் அது. அதைக் கேட்டப்போ ஒருத்தனுக்கு முப்பது வயசுன்னா, ஊர் திரும்பறப்போ நூறு. கேட்டவங்கள்ல பெரும்பாலானவங்க அங்கேயே செத்துப்போயிருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவா?

28-ஆம் அதிகாரத்துல அனனியாங்கிற பொய்த் தீர்க்கதரிசி வர்றான். நம்ம செய்திகளைத் தொடர்ந்து கேக்கறவங்க, "ஐயா மறுபடி அனனியாவா"ன்னு சிரிப்பீங்க. பரவாயில்ல. பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் ரெண்டே வருஷத்துல திரும்பி வந்துடும்னு ஆலயத்துல எல்லார் முன்னாடியும் சொன்னான். எரேமியா சண்டைக்குப் போகல. முதல்ல "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக"ன்னார். அவருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும்ல? ஆனா கர்த்தர் அப்படிச் சொல்லல. அனனியா அந்த வருஷமே செத்துப்போனான். ரெண்டு வருஷம்னு தேதி போட்டுக் கொடுக்கற ஆட்கள் இன்னைக்கும் இருக்காங்க. கூட்டமும் அங்கதான் இருக்கு.

சரி, எரேமியா என்ன பண்ணார்? 32-ஆம் அதிகாரம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரோட சேனை எருசலேமைச் சுத்தி முற்றுகை போட்டிருக்கு. இவர் காவல்ல கிடக்கிறார். அப்போ அப்பாவோட சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்ல இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கோங்கறான். எதிரி கையில விழப்போற நிலத்தை யாராவது வாங்குவாங்களா? கர்த்தர் சொன்னார், இவர் வாங்கினார். 17 சேக்கல் வெள்ளி, தராசுல நிறுத்துக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்து, முத்திரை எல்லாம் முறைப்படி. பத்திரத்தைத் தன் எழுத்தர் பாருக்குகிட்ட கொடுத்து, ரொம்ப நாள் கெடாம இருக்க மண்பாண்டத்துல வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்துல மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத்தோட்டமும் வாங்குவாங்கன்னு கர்த்தர் சொன்னதை அப்படித்தான் நம்பினார். நான் அடிக்கடி சொல்றதுதான், விசுவாசம்னா வாயால உரிமை பாராட்டறது மட்டும் இல்ல. காசைக் கொடுத்துப் பத்திரம் போட்டார் மனுஷன்.

இன்னொண்ணு. அவருக்குக் கல்யாணமே கிடையாது. பண்ணாதேன்னு 16-ஆம் அதிகாரத்துலயே கர்த்தர் சொல்லிட்டார். அப்போ அந்த நிலம் எந்தப் பிள்ளைக்கு? கடைசியில ஜனங்க அவரை எகிப்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அங்கேர்ந்து அவர் திரும்பி வந்ததா வேதத்துல இல்ல. அப்புறம் பெர்சிய ராஜா கோரேஸ், கி.மு. 538 வாக்கில, ஊருக்குப் போங்கன்னு கட்டளை கொடுத்தான். போனவங்க பட்டியல் எஸ்றா 2-ல இருக்கு. பேரா வருதேன்னு தாண்டிப் போயிடுவோம். 23-ஆம் வசனத்துல நில்லுங்க: ஆனதோத் ஊரார் 128 பேர்!

சகோதரி, எப்போ நிறைவேறும்னு கேட்டீங்கன்னா என்கிட்ட தேதி இல்ல. அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு கேளுங்க, அதுக்கு அந்தக் கடிதத்துலயே பதில் இருக்கு. வீடு கட்டுங்க, தோட்டம் போட்டு அதோட பலனைச் சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணுங்க, நீங்க இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்க. 5-லேர்ந்து 7-ஆம் வசனம் வரைக்கும் மகனோட உக்காந்து வாசிங்க. நல்ல வேலை வர்ற வரைக்கும்னு அவர் வீட்ல காத்திருக்க வேண்டாம், கிடைக்கிற வேலைக்குப் போகட்டும். அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, வேதத்துக்குள்ளயே இருக்கட்டும். அடுத்த கேள்வி, உபவாசத்தைப் பத்தி ஒரு தம்பி கேட்டிருக்கார்.