ஒரு நிமிஷ பாட்காஸ்ட், ஒரு பீரியட் இங்கிலீஷ்: கேக்கவும் பேசவும் பழக்குறது எப்படி?

வணக்கம்! தமிழ் மீடியத்துல ஒன்பதாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் எடுக்குற டீச்சர்களுக்கான வீடியோ இது. பாட்காஸ்ட்டை வெச்சு கேக்குறதையும் பேசுறதையும் எப்படிப் பழக்கலாம்னு பாப்போம்.

வழக்கமா என்ன நடக்குது? முழு எபிசோடையும் ஒரு தடவை ஓடவிட்டு, அஞ்சு கேள்வி கேக்குறோம். முன்னாடி பெஞ்சுல நாலு பேர் பதில் சொல்லுவாங்க, மத்தவங்க அதைப் பாத்து எழுதிக்குவாங்க. யாருக்கு எந்த இடத்துல காது தவறிச்சுன்னு நமக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாது. அதனால, ஒரு பீரியடுக்கு ஒரு நிமிஷ ஆடியோ எடுங்க. மிஞ்சிப்போனா ஒண்ணரை நிமிஷம். அதையே நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் வேற வேலை கொடுத்துக் கேக்க வைங்க.

அந்த ஒரு நிமிஷத்தை எதுல இருந்து எடுக்குறது? பிபிசியோட 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குச் சரியா வரும். ஆரம்பத்துல ஒரு கேள்வி போட்டு, பதிலைக் கடைசியிலதான் சொல்லுவாங்க. பேசுறது முழுக்க எழுத்து வடிவத்துலயும் அவங்க சைட்லயே இலவசமா இருக்கு. எழுத்து வடிவம் இல்லாத பாட்காஸ்ட் வகுப்புக்கு வேண்டாம், தானா வர்ற சப்டைட்டில நம்பவும் வேண்டாம். ஒன்பதாவது, பத்தாவதுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலோட 'லேர்ன் இங்கிலீஷ் டீன்ஸ்' சைட்ல லெவல் வாரியா ஆடியோ இருக்கு. எடுத்ததும் நீங்களே படிச்சுப் பாருங்க. 100 சொல்லுல 5-க்கு மேல பசங்களுக்குத் தெரியாதுன்னு பட்டா, வேற பகுதிக்குப் போயிடுங்க.

வீட்டுலயே டவுன்லோட் பண்ணிக்கோங்க. ஆறு நிமிஷம் 128 கேபிபிஎஸ்-ல சுமார் 6 எம்பிதான். புளூடூத் ஸ்பீக்கர்னா ஒண்ணு கவனிங்க: நடுவுல நிறுத்தி நிறுத்திப் போடும்போது பல ஸ்பீக்கர் தூங்கிடும், திரும்ப எழும்போது முதல் சொல்ல முழுங்கிடும். எப்பவும் ரெண்டு செகண்ட் முன்னாடி இருந்தே போடுங்க. ஸ்பீக்கரை டீச்சர் மேஜையில வைக்காம, வகுப்போட நடுவுல ஒரு பெஞ்ச் மேல வைங்க. அந்த ஒரு நிமிஷத்துக்கு ஃபேனை நிறுத்துங்க, வெயில் காலமா இருந்தாலும். 'ஸ்', 'ஃப்', 'த்' மாதிரி ஒலியெல்லாம் ஃபேன் சத்தத்துல காணாம போயிடும்.

முதல் தடவை பேனாவே வேண்டாம். எத்தனை பேர் பேசுறாங்க, எதைப் பத்தி, ஒத்துப்போறாங்களா, அவ்வளவுதான். ரெண்டாவது தடவை, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, காதுல விழுந்த ரெண்டு சொல்லை மட்டும் எழுதச் சொல்லுங்க.

மூணாவது தடவைதான் உண்மையான வேலை. எழுத்து வடிவத்துல பன்னிரண்டு இடத்தைக் காலியா விட்டுக் கொடுங்க. பெரிய சொல்ல எடுக்காதீங்க. 'ஆஃப்', 'டு', 'ஹேவ்', 'தெம்', 'ஹிம்' மாதிரி சின்னச் சின்ன சொல்ல எடுங்க. நம்ம பசங்க படிச்சா புரியுது, கேட்டா புரியலன்னு சொல்றதுக்கு முக்கியமான காரணம் இங்கதான் இருக்கு. இங்கிலீஷ்ல அழுத்தம் விழாத சொல் சுருங்கி பக்கத்துச் சொல்லோட ஒட்டிக்கும். 'ஷுட் ஹேவ் பீன்' காதுக்கு 'ஷுடபின்'னு வருது. 'டெல் ஹிம்' 'டெலிம்' ஆயிடுது. பையன் 'டெலிம்'னு ஒரு புதுச் சொல்லத் தேடிட்டு இருப்பான், அதுக்குள்ள அடுத்த வாக்கியம் போயிடும். நாமளும் 'வந்துகொண்டிருக்கிறேன்'னு எழுதிட்டு 'வந்துட்டிருக்கேன்'னுதானே சொல்றோம்? இதைப் போர்டுல எழுதிக் காட்டுங்க, சட்டுனு பிடிச்சுக்குவாங்க.

நாலாவது தடவைதான் முழு எழுத்து வடிவத்தைக் கையில கொடுக்கணும். முன்னாடியே கொடுத்தா கண்ணு ஓடும், காது வேலை செய்யாது. படிச்சா தெரியுது, ஆனா கேக்கும்போது பிடிபடலன்னு இருக்குற சொல்லை எல்லாம் வட்டம் போடச் சொல்லுங்க. அந்த வட்டங்கள்தான் உங்களோட அடுத்த வாரப் பாடம்.

வேகத்தைக் குறைக்கலாமான்னு கேப்பீங்க. 0.85 மடங்கு வரைக்கும் பரவால்ல. 0.75-க்குக் கீழ போனா ஒலி இழுபட்டு, யாரும் பேசாத ஒரு இங்கிலீஷ் வரும். ஆடாசிட்டிங்குற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல பண்றீங்கன்னா 'சேஞ்ச் டெம்போ'வ எடுங்க. 'சேஞ்ச் ஸ்பீட்'னா குரலே கனத்துப்போயிடும்.

இனி பேச்சு. அதே கிளிப்ல 20 செகண்டை எடுத்து, குரலை நிழல் மாதிரி ஒட்டியே பேச வைங்க. முதல்ல முணுமுணுப்பு, அப்புறம் எழுத்தைப் பாத்து, அப்புறம் பாக்காம. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். வகுப்பே சேர்ந்து சத்தமா சொன்னா வாய்ப்பாடு ராகம் வந்துடும், இங்கிலீஷோட ஏற்ற இறக்கம் செத்துடும். அதனால மெல்லிய குரல்ல, அவங்கவங்க தனியா சொல்லட்டும்.

அடுத்து 4-3-2. ஒரே விஷயத்தை ஒருத்தர்கிட்ட நாலு நிமிஷம், வேற ஒருத்தர்கிட்ட மூணு, இன்னொருத்தர்கிட்ட ரெண்டு நிமிஷத்துல சொல்றது. நம்ம பசங்களுக்கு 2, ஒண்ணரை, 1 நிமிஷம்னு ஆரம்பிக்கலாம். என்ன சொல்றதுன்னு முதல் சுத்துலயே தெரிஞ்சுடுறதால, அடுத்த சுத்துல தயக்கம் குறையும். ஆளை மாத்தியே ஆகணும், ஏற்கனவே கேட்டவன் உண்மையா கேக்கமாட்டான். கையில அஞ்சு சொல் எழுதின சீட்டு மட்டும் இருக்கட்டும். முழு வாக்கியமா எழுத விட்டீங்கன்னா, பேச மாட்டாங்க, வாசிப்பாங்க.

மாசம் ஒரு தடவை மூணு பேர் சேர்ந்து ரெண்டு நிமிஷ பாட்காஸ்ட் பண்ணட்டும். போனோட வாய்ஸ் ரெக்கார்டரே போதும். வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல பிடிச்சா மூச்சு மைக்ல அடிக்காது. பிள்ளைங்க குரலை யூடியூப்ல போடாதீங்க. பெற்றோர்கிட்ட கேட்டுட்டு, வகுப்புக்குள்ளயே வைங்க.

திருத்தும்போது ஒரு பதிவுக்கு ஒரே ஒரு விஷயம். உதாரணமா இறந்தகால முடிவு. 'வாக்ட்'னு 'ட்'ல முடியணும், 'வாக்கெட்' இல்ல. 'பிளே'யோட இறந்தகாலமான 'பிளேட்'ல அதே முடிவு மென்மையான 'ட்'ஆ, லேடியில வர்ற மாதிரி ஒலிக்கும். 'வான்டெட்' மாதிரி சொல்லுல மட்டும்தான் தனியா ஒரு அசை வரும், ஏன்னா 'வான்ட்'ங்குற மூலச் சொல்லே 'ட்' ஒலியில முடியுது. இதை வெச்சு அவங்களோட பழைய பதிவை அவங்களையே கேக்கச் சொல்லுங்க, எங்க தப்புன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க.