டிராவில் யாருக்கு லாபம்?

நேயர்களுக்கு வணக்கம். செஸ் ஆட்டம் டிரா என்று கேட்டதும் பலருக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. ஜெயித்தால் ஒரு புள்ளி, டிரா என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி. ஆடிய இருவரின் ரேட்டிங்கில், அதாவது திறமையைக் காட்டும் எண்ணில், நல்ல இடைவெளி இருந்தால் அந்த அரைப் புள்ளி இருவருக்கும் ஒன்றல்ல. ரேட்டிங் போடும் ஏலோ கணக்குப்படி, ரேட்டிங்கில் 200 புள்ளி உயர்ந்தவர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 எடுக்க வேண்டும். டிராவில் கிடைப்பது 0.5. அந்தக் குறைவுக்கு ஏற்ப அவர் ரேட்டிங் இறங்கும், எதிராளிக்கு ஏறும்.

நேருக்கு நேர் ஆடும்போது கடிகாரமும் பெரிய ஆளின் பக்கம்தான். எதிரில் இருப்பவர் படபடப்பில் ஒரு குதிரையைக் கோட்டை விட்டுவிடுவார். நகர்த்தலைத் தபாலில் எழுதி அனுப்பி ஆடும் கடித செஸ்ஸில் பெரிய ஆளுக்கு ஜெயிப்பது அவ்வளவு சுலபமில்லை. அஞ்சலட்டைக் காலத்தில் 10 நகர்த்தலுக்கு 30 நாள் என்பது சர்வதேசப் போட்டிகளின் வழக்கம். அட்டை தபாலில் போய்ச் சேரும் நாள் கணக்கில் வராது. மொழி தெரியாதவர்களும் ஆட வேண்டுமே, அதனால் நகர்த்தலை எண்ணாக எழுதினார்கள். 5254 என்றால் வெள்ளை ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னால் போகிறது. புத்தகத்தைப் புரட்டலாம், பலகையில் நகர்த்தியும் பார்க்கலாம். இன்று சர்வதேசக் கடித செஸ் கூட்டமைப்பு கம்ப்யூட்டர் உதவியையே அனுமதிக்கிறது. இருவர் கையிலும் நகர்த்தலைக் கணக்கிடும் அதே மென்பொருள் இருந்தால் அப்புறம் டிராவைத் தவிர என்ன வரும்?

கடித செஸ் பாணியில் 2025-இல் ஒரு பெரிய ஆட்டம் இணையத்தில் நடந்தது. ஒரு பக்கம் உலகின் முதல்நிலை வீரர் மேக்னஸ் கார்ல்சன், மறுபக்கம் உலகெங்குமிருந்து சுமார் 1,43,000 பேர். நகர்த்தலுக்கு 24 மணி நேரம்; உலக அணி வாக்கெடுத்து ஆடியது. பின்வரிசைக் காய்கள் இடம் மாறி நிற்கும் ஃப்ரீஸ்டைல் செஸ் என்பதால் மனப்பாடத் தொடக்கங்கள் உதவவில்லை. 1999-இல் அன்றைய உலக முதல்நிலை வீரர் காஸ்பரோவ் இப்படி உலகத்தோடு மோதி, 62 நகர்த்தலில் ஜெயித்தார். 2024-இல் நம் ஆனந்தும் ஜெயித்தார். கார்ல்சனும் சுலபமாக ஜெயிப்பார் என்றுதான் பேச்சு.

ஏப்ரல் 4 அன்று தொடங்கிய ஆட்டம் மே 19 அன்று முடிந்தது. உலக அணி அவர் ராஜாவுக்குத் திரும்பத் திரும்ப செக் கொடுத்து, ஒரே நிலையை மூன்றாம் முறை வரவழைத்து டிரா வாங்கியது.

கடைசி நாட்களில் அந்த அணிக்குள்ளேயே தகராறு. உலகின் முதல்நிலை வீரரிடம் டிரா வாங்குவதே பெருமை என்றது ஒரு கூட்டம். தோற்றாலும் சரி, ஆடிப் பார்ப்போம் என்றது இன்னொன்று. நானாக இருந்தால் டிராவுக்குத்தான் வாக்களித்திருப்பேன். கார்ல்சனிடம் அரைப் புள்ளி வாங்க இன்னொரு வாய்ப்பு எங்கே வரப்போகிறது? வணக்கம்.