ஔவை நின்ற வாசல்

(தருமபுரியில் கட்டடப் பொறியாளர்கள் சங்கம் ஒன்றின் ஆண்டுப் பொதுக்குழுவில் முன்னாள் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று பல ஊர்களிலிருந்து சைட் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற உறுப்பினர்களே, வணக்கம்.

சற்று முன்னால் பொருளாளர் வரவு செலவு படித்தார். படித்து முடித்ததும், "யாருக்காவது கேள்வி உண்டா?" என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பின்வரிசையிலிருந்து "ஏற்கிறோம்" என்று ஒரு குரல் வந்தது, கை தட்டினோம், அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம். கணக்கு சரியாகவே இருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கூட்டம் தொடங்குவதற்கு முன் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான்கு பேர் பேசியது என் காதில் விழுந்தது. மண்டப வாடகை போன வருடத்தைவிட ஏன் கூடியது? எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல், அதன் விலை பற்றி கலெக்டரிடம் மனு கொடுப்பதாகச் சொன்னார்களே, கொடுத்தார்களா? நல்ல கேள்விகள். அந்த நான்கு பேரும் இப்போது இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்விகளை மட்டும் டீக்கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

இதைப் பற்றித்தான் இன்று பேச ஆசைப்பட்டேன்.

நம் ஊருக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி இங்கே ஆண்டான். ஔவைக்கும் அவனுக்கும் இருந்த நட்பைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் நெல்லிக்கனியைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒருமுறை ஔவைக்குத் தர வேண்டிய பரிசிலைத் தராமல் அதியமான் காலம் கடத்தினான். ஔவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகவில்லை. வழியில் பார்த்தவர்களிடம் புலம்பவும் இல்லை. அவன் வாசலுக்கே போய், வாயில்காப்போனைக் கூப்பிட்டு, உன் தலைவன் தன்னை அறியானா, இல்லை என்னைத்தான் அறியானா என்று கேட்டாள். அதோடு விடவில்லை. கைத்தொழில் தெரிந்த தச்சன் பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குப் போவது போலத்தான் எனக்கு இந்த உலகம், எந்தத் திசையில் போனாலும் அந்தத் திசையில் சோறு உண்டு என்றாள்.

தச்சன் பிள்ளைகள் என்று அவள் சொன்னது நம்மைப் போன்ற கட்டடக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். தொழில் தெரிந்தவனுக்கு ஓசூரும் உண்டு, பெங்களூரும் உண்டு. சங்கம் இல்லாவிட்டாலும் அவனுக்குப் பிழைப்பு நடக்கும். செயற்குழுவில் இருப்பவர்கள் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. போக இடம் இருந்தும் நம் வாசலில் வந்து நின்று ஒருவர் கோபமாகக் கேட்கிறார் என்றால், அவர் இன்னும் நம்மை விட்டுவிடவில்லை என்று அர்த்தம். வாசலில் நின்று கோபித்த அதே ஔவைதான் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவளும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. நான் செயலாளராக இருந்தபோது பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் கடிதம் எழுதினார். சங்கக் கூட்டங்களை இரவு ஏழரைக்கு வைக்கிறீர்கள், முடிந்து பஸ் பிடித்து வீடு சேர பத்தரை ஆகிறது, ஞாயிறு காலையில் வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். ஒரே பக்கம், அழகான கையெழுத்து. படித்தேன், நியாயம் என்று மனதில் பட்டது, அடுத்த செயற்குழுவில் வைக்கலாம் என்று ஃபைலில் போட்டேன். அந்தச் செயற்குழுவில் வேறு அவசரம் வந்தது. அதற்கடுத்ததில் மறந்துபோனது. ஆண்டு முடிவில் சந்தாப் பட்டியலைச் சரிபார்த்தபோது அவர் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

பின்னர் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். ஓசூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். தயங்கித் தயங்கி அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "முடியாதுன்னு ஒரு வரி எழுதியிருந்தாக்கூட நான் இருந்திருப்பேன் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் இப்போதைய செயற்குழுவிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். உறுப்பினர் எழுதுகிற கடிதம் வந்து சேர்ந்ததும், கிடைத்தது என்று பதில் போடுங்கள். எந்தக் கூட்டத்தில் வைக்கப்போகிறோம் என்று சொல்லுங்கள். வைத்த பிறகு என்ன முடிவானது என்று எழுதுங்கள். முடியாது என்றாலும் எழுதுங்கள். ஏன் முடியாது என்பதற்கு இரண்டு வரி போதும்.

சரி, உறுப்பினர்கள் பக்கம் வருகிறேன். நம்மில் எத்தனை பேர் சங்கத்தின் பைலாவைப் படித்திருக்கிறோம்? வீட்டுக்கு பிளான் போடும்போது விதி எண்ணோடு சொல்கிற நாம், நம் சங்கத்தின் விதியைத் திறந்து பார்ப்பதில்லை. பொதுக்குழுவில் ஒரு பொருளை அஜெண்டாவில் சேர்க்க எத்தனை நாள் முன்பு எழுதித் தர வேண்டும், கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்கிற கோரம் எவ்வளவு, சிறப்புக் கூட்டத்தை யார் கேட்கலாம், எல்லாம் அதில் இருக்கிறது. செயலாளரிடம் ஒரு பிரதி கேளுங்கள், தருவார்.

எழுதுவதில் ஒரு பக்குவம் வேண்டும். "சங்கம் ஒன்றுமே செய்யவில்லை" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், அதற்கு நாற்பது பேர் கட்டை விரல் காட்டுவார்கள், இரவோடு இரவாக அது மேலே போய்விடும். அந்த வரியை வைத்துக்கொண்டு செயற்குழு ஒன்றும் தீர்மானிக்க முடியாது. 2024 ஜூலையில் சுயசான்று முறையில், அதாவது விண்ணப்பிப்பவரே விதிப்படி இருக்கிறது என்று சான்று தருகிற முறையில், கட்டட அனுமதி வந்ததே, நினைவிருக்கிறதா? 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீடு வரைக்கும் உடனடி அனுமதி என்றார்கள். நம்மில் பலருக்கு ஏகப்பட்ட குழப்பம். சங்கம் ஏன் வகுப்பு எடுக்கவில்லை என்று மூலைக்கு மூலை பேச்சு. அப்போது ஓர் உறுப்பினர் மட்டும் உட்கார்ந்து தன் சந்தேகங்களை வரிசையாக எழுதினார். பாதையின் அகலத்தை எப்படிக் காட்டுவது, பழைய கட்டடத்தின் மேல் மாடி போட்டால் இதில் வருமா என்பது போல. கூடவே, இதற்கு ஒரு நாள் பயிற்சி வைக்கத் தீர்மானம் போடலாம், ஏற்பாட்டுக்கு நான் வருகிறேன் என்றும் எழுதினார். அந்தத் தாளையே வைத்துப் பயிற்சியின் பாடத்திட்டம் தயாரானது. கேள்வியோடு கையையும் நீட்டினார், அதனால் வேலை நகர்ந்தது.

அப்புறம், மினிட்ஸ் புத்தகம். போன கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டோம் என்பதைப் படித்துக் காட்டும்போது, நாம் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டு விசேஷம் விசாரிக்கிறோம். அந்தப் பத்து நிமிடம்தான் உண்மையில் பொதுக்குழு. எம்-சாண்ட் மனு கொடுக்கத் தீர்மானித்தது அதில் எழுதியிருந்தால், நடந்ததா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எழுதாமல் விட்டிருந்தால், ஏன் எழுதவில்லை என்று அப்போதே கேட்க வேண்டும்.

தேர்தலைப் பற்றிக் கொஞ்சம். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. நாம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலுக்கு ஒழுங்காகக் கூடுகிறோம், ஆனால் "போட்டியின்றித் தேர்வு" என்பதை ஏதோ பெருமை போலச் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அது பெருமையாகத் தெரியவில்லை. போட்டி இருந்தால்தான் நிற்பவர் அரூருக்கும் ஒருமுறை போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், ஊர் வேலையைப் பார்க்கும் குழுவான வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்று வெட்டி வைத்தார்கள். பகையால் அப்படி வெட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஊர் தங்களுடையது என்று அவர்கள் நினைத்தார்கள்.

சட்டத்தில் கடைசி வழியும் ஒன்று உண்டு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் விண்ணப்பித்தால், சங்கத்தின் செயல்பாட்டையும் நிதி நிலையையும் பதிவாளர் விசாரிக்கலாம். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சங்கம் அதுவரை போகிறது என்றால், அதற்கு முன் பல வருடங்கள் யாரும் யாரிடமும் நேராகப் பேசவில்லை என்றுதான் நினைப்பேன். நம்மிடம் அந்த நிலை இல்லை. இங்கே மேடையில் இருப்பவர்கள் நாளைக் காலை உங்களோடு அதே சிமென்ட் கடையில் நிற்கப் போகிறவர்கள்தான். அவர்களிடம் கேட்க என்ன தயக்கம்?

தலைவரிடம் ஒரு வேண்டுகோள். அஜெண்டாவில் 'இதர பொருள்கள்' என்று கடைசியாக ஒன்று இருக்கிறது. வழக்கமாக அந்த இடத்தில் நன்றியுரை சொல்லிச் சாப்பிடப் போய்விடுவோம். இன்று சாப்பாடு அரை மணி நேரம் காத்திருக்கட்டும். நான் உட்காருகிறேன். மண்டப வாடகையைப் பற்றிக் கேட்ட தம்பி மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.