பழைய போன் கையில இல்லாம பேக்கப்பை ஏத்துறது எப்படி?

(திரையில்: புது ஆண்ட்ராய்டு போன், முதல் செட்டப் பக்கம்)

காசிமேட்டுல போட்லேர்ந்து கடல்ல விழுந்த போன், வியாசர்பாடியில மழைத் தண்ணியில ஊறின போன்... இப்படிப் போனவங்களுக்குத்தான் இந்த வீடியோ. பழசு ஆன் ஆகுதுன்னா கேபிள் போட்டே மாத்திக்கலாம்.

முதல்ல சிம். டூப்ளிகேட் சிம் ஆக்டிவேட் ஆனதுலேர்ந்து 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வெச்ச விதி அது. அதனால ஓடிபி வரலைன்னு அழுத்திக்கிட்டே இருக்காதீங்க. யுபிஐ ஆப்பும் எஸ்எம்எஸ் அனுப்பித்தான் நம்பரைச் சரிபார்க்கும், அதுவும் மறுநாள்தான்.

(திரையில்: ஆப்ஸ், டேட்டா காப்பி பண்ணலாமான்னு கேக்குற பக்கம்)

இந்தப் பக்கம்தான் முக்கியம். கடையில டெம்பர் கிளாஸ் ஒட்டுற கேப்புல, கடைத் தம்பி எல்லாத்துக்கும் ‘ஸ்கிப்’ போட்டு ஹோம் ஸ்கிரீனைக் காட்டிடுவாரு. வேணாம்னு சொல்லி வாங்கிக்குங்க. ஸ்கிப் ஆயிடுச்சா? புது போன்தானே, உள்ள ஒண்ணும் இல்ல, ஃபேக்டரி ரீசெட் போட்டு மறுபடி ஆரம்பிங்க.

வைஃபை போட்டு, சார்ஜர் சொருகி, பழைய போன்ல இருந்த அதே ஜிமெயிலைக் குடுங்க. பேக்கப் லிஸ்ட்ல போன் பேரும் தேதியும் வரும். பழைய போனோட பின் இல்லன்னா பேட்டர்ன் கேக்கும். புதுசுக்கு வைக்கப்போறது இல்ல, பழசோடது. போட்டோ இதுல வராது, கூகுள் போட்டோஸ்ல தனியா பாருங்க.

லிஸ்டே காலியா இருந்தா, பெரும்பாலும் வேற ஜிமெயில் போட்டிருப்பீங்க. 57 நாள் அந்த போனை யூஸ் பண்ணாம விட்டாலும் கூகுள் பேக்கப்பை அழிச்சிடலாம். இன்னொண்ணு: ஆண்ட்ராய்டு 14ல எடுத்த பேக்கப் 12ல ஏறாது. அப்டேட் போட்டு, ரீசெட் பண்ணி, திரும்ப வாங்க.

(திரையில்: வாட்ஸ்அப்)

அதே நம்பர், அதே ஜிமெயில். எஸ்எம்எஸ் வராத 24 மணி நேரத்துல ஓடிபியை கால்ல கேளுங்க. ‘ரீஸ்டோர்’னு கேக்கும்போது தள்ளிட்டுப் போகாதீங்க, புது பேக்கப் ஓடுச்சுன்னா கிளவுட்ல இருந்த பழசு மேலேயே எழுதிடும். தள்ளிட்டீங்கன்னா, அந்த நிமிஷமே அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போடுங்க.

கிளவுட்ல இல்லையா? நனைஞ்ச போனை சர்வீஸ் கடையில கொஞ்ச நேரம் உயிர் குடுக்க முடிஞ்சா, கம்ப்யூட்டர்ல மாட்டி, ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள்ள மீடியா, அதுல வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுசா காப்பி எடுங்க. வாட்ஸ்அப்பை இன்ஸ்டால் பண்ணுங்க, ஆனா நம்பர் போடாதீங்க; அதுக்கு முன்னாடியே புது போன்ல அதே இடத்துல அதை வைங்க. உள்ள இருக்குற டேட்டாபேஸ் ஃபோல்டர்ல கடைசி ஏழு நாளோட லோக்கல் பேக்கப் இருக்கும். முந்தின நாளோடது வேணும்னா, அந்த ஃபைல் பேர்ல தேதியையும் (முன்னாடி இருக்குற ‘-’ கோட்டோட), அதை ஒட்டி வர்ற ‘.1’ஐயும் மட்டும் எடுத்துட்டு, கடைசியில ‘கிரிப்ட்’டுக்குப் பக்கத்துல இருக்குற நம்பரைத் தொடாம விடுங்க. அந்த நம்பர் மாறிச்சுன்னா வாட்ஸ்அப்பால திறக்க முடியாது.