யூனிட்டைக் கூட்டும் முன் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுத் தருவதுதான் என் முக்கிய வேலை. இன்சுலின் போட்டும் சுகர் இறங்காதவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். யூனிட்டை, அதாவது போடும் இன்சுலினின் அளவை, கூட்டுவதற்கு முன்னால், ஊசி போடும் இடத்தை உங்கள் கையால் தடவிப் பாருங்கள். இந்தப் பேச்சு முடிவதற்குள் இதை இன்னும் சில தடவை சொல்லிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுகர் ஏறினால் நாம் முதலில் சாப்பாட்டைச் சந்தேகப்படுகிறோம். அப்புறம் மனக்கவலை, தூக்கமின்மை. அதுவும் இல்லையென்றால் மருந்து சரியில்லை என்கிறோம். இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

என்னிடம் ஓர் அம்மா வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. எப்போது ஊசி போட்டார், எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு முன் சுகர் எவ்வளவு, பின் எவ்வளவு என்று நோட்டில் கோடு போட்டு அழகாக எழுதி வைத்திருந்தார். அதைப் படித்தால் யாருக்கும் தலை சுற்றும். ஒரு நாள் 300. மறுநாள் அதே சாப்பாடு, அதே யூனிட், சுகர் 65. டோஸ் கூட்டிக் கூட்டி முன்பு போட்டதைப்போல் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அப்படியும் பிடிபடவில்லை. வீட்டில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? யாருக்கும் தெரியாமல் இனிப்பு சாப்பிடுகிறார் என்று. அதுதான் அவரை அதிகம் வாட்டியது. நோயைவிட அந்தச் சந்தேகம்.

படுக்கச் சொல்லித் தொப்புளுக்கு இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் ரப்பர் போல மெத்தென்று தடித்த வீக்கம். இங்கேதான் போடுகிறீர்களா அம்மா என்று கேட்டேன். "ஆமாங்க சிஸ்டர், அங்கே போட்டா வலிக்கவே வலிக்காது" என்றார்.

அந்தப் பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். தடித்துப்போன இடத்தில் வலி குறைவாகத்தான் தெரியும். வலிக்கவில்லை என்பதால் மறுபடியும் அங்கேயே குத்துகிறோம். குத்தக் குத்த அது இன்னும் தடிக்கிறது.

ஏன் தடிக்கிறது? சாப்பாட்டிலிருந்து வரும் சக்தியைச் சேர்த்து வைக்கும்படி உடம்புக்குச் சொல்வது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும் அந்தச் சொல்லைக் கேட்கும். தினமும் ஒரே இடத்தில் இன்சுலின் இறங்கினால் அந்த இடத்துக் கொழுப்பு வளர்ந்து பெருத்துவிடுகிறது. ஒரே ஊசி முனையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறவர்களிடம் இது இன்னும் அதிகம் காணப்படுகிறது. அங்கே போட்ட மருந்து ஒழுங்காக ரத்தத்தில் கலப்பதில்லை. இன்று தேங்கி நிற்கும், நாளை சட்டென்று இறங்கும். அந்த அம்மாவின் நோட்டில் 300-ம் 65-ம் மாறி மாறி வந்ததற்குக் காரணம் அதுதான்.

மருத்துவரிடம் சொன்னோம். அவர் டோஸைக் குறைத்தார். ஆம், குறைத்தார். இடத்தை மாற்றிப் போட ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுகர் ஒரு நிலைக்கு வந்தது. அடுத்த முறை மகனையும் கூட அழைத்து வந்தார். "நான் ஒளிச்சு வச்சுச் சாப்பிடலைன்னு இவன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார். சொன்னேன். அந்தப் பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது வீட்டிலுள்ள பெரியவரை இப்படிச் சந்தேகப்பட்டிருந்தால், தயவுசெய்து முதலில் அந்த இடத்தைப் பாருங்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? குளிக்கும்போது சோப்பு நுரை இருக்கும் கையால் மெதுவாகத் தடவுங்கள். வழுக்கிக்கொண்டு போகும் விரல் தடிப்பு இருக்கும் இடத்தில் ஏறி இறங்கும். தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். நல்ல இடம் மெலிதாக மடியும், தடித்த இடம் மொத்தமாக வரும். அங்கே இனி ஊசி வேண்டாம். அது கரைய மாதக்கணக்கில் ஆகலாம்.

வேறு எங்கே போடுவது? வயிற்றில் தொப்புளை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் தள்ளி. தொடையின் மேல்பாதியில், முன்பக்கமும் வெளிப்பக்கமும். புட்டத்தின் மேல்பகுதி. மேல்கையின் பின்புறம். வயிற்றில் போட்டால் மருந்து சீக்கிரம் ஏறும், தொடையில் மெதுவாக ஏறும். அதனால் காலையில் வயிறு, இரவில் தொடை என்று வேளைக்கு ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, அந்தப் பகுதிக்குள்ளேயே இடம் மாற்றுங்கள். முன்பு குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிக் குத்துங்கள். இங்கே படம் வரைந்து காட்ட வழியில்லை. வயிற்றை மனதுக்குள் நான்காகப் பிரித்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொண்டாலே போதும்.

ஊசி நீளமாக இருந்தால்தான் மருந்து உள்ளே போகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பேனா போன்ற இன்சுலின் கருவியில் மாட்டும் 4 மில்லிமீட்டர் ஊசியே பெரியவர்களுக்குப் போதும், உடம்பு பருமனாக இருந்தாலும் சரி. தோலின் கனம் ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. பேனாவை அழுத்தியதும் உடனே எடுத்துவிடாமல் பத்து எண்ணிவிட்டு எடுங்கள். சிரிஞ்சில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இருக்கிறது என்று 40 போட்ட புட்டிக்கு 40 சிரிஞ்சு, 100 என்று போட்ட புட்டிக்கு 100 சிரிஞ்சு. 100 புட்டியிலிருந்து 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

ஊசி போடும் இடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு, இன்சுலின் சிகிச்சை பெற்ற முதல் நோயாளியான கனடாவின் டொராண்டோ நகரத்துச் சிறுவன் லெனார்ட் தாம்ப்சனின் நினைவு வரும். 14 வயது. 1922 ஜனவரி 11 அன்று அவனுக்கு இன்சுலின் சாறு போட்டார்கள். சுகர் ஓரளவுதான் இறங்கியது, ஊசி போட்ட ஓர் இடத்தில் சீழ்க்கட்டியும் வந்தது. காலிப் என்ற விஞ்ஞானி அந்தச் சாற்றை இன்னும் சுத்தப்படுத்திக் கொடுத்தார். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டபோது சுகர் நன்றாக இறங்கியது, பையன் தெம்பானான். முன்பு ஊசி போட்ட இடத்தில் தோல் குழிவிழுவதும் உண்டு. பின்னர் இன்னும் சுத்தமான இன்சுலின் வந்ததால் அது இப்போது அரிதாகிவிட்டது. தடிப்பு மட்டும் நிற்கவில்லை. அதை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை, இதைக் கட்டாயம் கேளுங்கள். தடித்த இடத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறினால் மருந்து முழுதாக வேலை செய்யும். பழைய டோஸையே போட்டால் சுகர் ரொம்பத் தாழ்ந்துவிடலாம். அதனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். மாற்றிய முதல் சில வாரங்களுக்கு அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

அப்புறம், இரவில் 300 காட்டுகிறது என்று பயந்து ஒரு ஊசி போடுகிறோம். ஒரு மணி நேரத்தில் பார்த்தால் 280. உடனே இன்னொன்று போட்டுவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலின் உடம்பில் சில மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தால் நடுராத்திரியில் தாழ்ந்துவிடும். சோதிக்கும் முன் கையைக் கழுவினீர்களா என்றும் பாருங்கள். பழம் தொட்ட விரலில் ரத்தம் எடுத்தால், உண்மையில் இல்லாத சுகரைக் காட்டும்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். காய்ச்சல் நாட்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. சுகர் ஏறி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி குடியுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள். இன்று குளிக்கும்போதே வயிற்றைத் தடவிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.