திரையில் தெரிவது யாருடைய விலை? பங்குச் சந்தை பாலபாடம்

[திரையில்: ஒரு பங்கு, அதன் அருகில் 100.00 என்ற எண்]

வணக்கம். இந்த எண்ணைப் பாருங்கள். 100. சந்தைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர், பணத்தைக் கட்டினால் இந்த விலைக்குப் பங்கு கிடைத்துவிடும் என்று நம்புகிறார்கள். உண்மையில் இது கடைசியாக நடந்த வியாபாரத்தில் கைமாறிய விலை. அந்த வியாபாரம் ஒரு நொடிக்கு முன்பு நடந்திருக்கலாம். அதிகம் விற்பனையாகாத பங்கு என்றால் ஒரு மணி நேரத்துக்கு முன்புகூட நடந்திருக்கலாம். அடுத்து வாங்கப்போகும் உங்களுக்கு என்ன விலை அமையும் என்பதை இந்த எண் சொல்லாது. இதைச் சரியாகப் படிக்கப் பழகிவிட்டால், பங்குச் சந்தையின் பாதிச் சொற்கள் தாமாகவே புரிந்துவிடும்.

முதலில் பங்கு என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு கம்பெனியின் உரிமையைச் சம கூறுகளாகப் பிரித்தால், ஒரு கூறுதான் ஒரு பங்கு. 1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆம்ஸ்டர்டாமில் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. போட்ட பணத்தை நினைத்தபோது கம்பெனியிடம் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் உரிமையை வேறொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம். பணம் தேவைப்பட்டவர்கள் வாங்குவதற்கு ஆள் தேடினார்கள். அப்படித்தான் பங்கு வியாபாரம் பிறந்தது. இன்றும் அதே ஏற்பாடுதான். கம்பெனி முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பது ஐ.பி.ஓ.; அப்போது பணம் கம்பெனிக்கோ, தம் பங்கை விற்கும் பழைய உரிமையாளர்களுக்கோ போகிறது. அதன் பிறகு தினமும் சந்தையில் நீங்கள் வாங்குவது இன்னொரு முதலீட்டாளரிடமிருந்து. அந்தப் பணத்தில் கம்பெனிக்கு ஒரு காசும் போவதில்லை.

[திரையில்: ஆர்டர் புக். இடப்பக்கம் வாங்குவோர், வலப்பக்கம் விற்போர்]

இப்போது ஆர்டர் புக்கை, அதாவது வாங்கவும் விற்கவும் காத்திருப்பவர்களின் பட்டியலைத் திறப்போம். இடப்பக்கத்தில் வாங்கக் காத்திருப்பவர்கள்: 100 விலைக்கு 400 பங்குகள், 99.50-க்கு 600 பங்குகள். வலப்பக்கத்தில் விற்கக் காத்திருப்பவர்கள்: 100.50-க்கு 200 பங்குகள், 101-க்கு 300, 103-க்கு 500. வாங்குபவர்கள் கேட்கும் அதிகபட்ச விலைக்குப் பெயர் பிட். விற்பவர்கள் சொல்லும் குறைந்தபட்ச விலை ஆஸ்க். இரண்டுக்கும் நடுவே இருக்கும் 50 காசு இடைவெளிதான் ஸ்பிரெட். இந்த இடைவெளி, வாங்கி உடனே விற்றால் உங்கள் கையை விட்டுப் போகும் செலவு. கட்டண விவரத்தில் எங்குமே அச்சிடப்படாத செலவு என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்தப் பங்கில் 600 வேண்டும் என்று ஒருவர் மார்க்கெட் ஆர்டர் போடுகிறார். விலை என்னவானாலும் சரி, உடனே கொடு என்பதுதான் மார்க்கெட் ஆர்டர். முதல் 200 பங்குகள் 100.50-க்குக் கிடைக்கின்றன. அடுத்த 300 பங்குகள் 101-க்கு. மீதி 100 பங்குகளுக்கு 103 கொடுக்க வேண்டியிருக்கிறது. மொத்தச் செலவு 60,700. சராசரி விலை ஏறக்குறைய 101.17. திரையில் 100 என்று பார்த்துவிட்டு வந்தவருக்கு அமைந்த விலை இது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடைசி வியாபாரம் 103-ல் நடந்ததால், திரையில் இப்போது 103 என்று காட்டும். '3 சதவீதம் உயர்வு' என்று பச்சை நிறத்தில் வரும். கம்பெனியில் எதுவும் மாறவில்லை. ஒருவர் அவசரப்பட்டார், அவ்வளவுதான்.

அவரே 101-க்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று லிமிட் ஆர்டர் போட்டிருந்தால் 500 பங்குகள் உடனே கிடைத்திருக்கும்; மீதி 100 பங்குகளுக்கான ஆர்டர் வரிசையில் காத்திருக்கும். கிடைக்காமலே போகலாம் என்பது லிமிட் ஆர்டரின் குறை. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தக் குறையை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டாப் லாஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலை 95-க்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே போட்டுவைக்கும் ஆர்டர் அது. 95-க்கே விற்றுத் தரும் என்று அதற்குப் பொருள் இல்லை. இரவில் கெட்ட செய்தி வந்து, மறுநாள் காலை சந்தை 88-ல் திறந்தால் சாதாரண ஸ்டாப் லாஸ் அந்த 88-ஐ ஒட்டித்தான் விற்கும். இதை நஷ்டத்துக்குப் போட்ட பூட்டாக நினைத்து நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

[திரையில்: விலை × மொத்தப் பங்குகள்]

அடுத்த சொல், சந்தை மதிப்பு. கடைசி விலையைக் கம்பெனியின் மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. நம் கம்பெனிக்கு ஒரு கோடி பங்குகள் என்று வைத்துக்கொண்டால், காலையில் அதன் சந்தை மதிப்பு 100 கோடி. அந்த 600 பங்கு ஆர்டருக்குப் பிறகு 103 கோடி. கைமாறிய பணம் 60,700. காகிதத்தில் கூடியது மூன்று கோடி! 'ஒரே நாளில் இத்தனை லட்சம் கோடி மாயம்' என்று தலைப்புச் செய்தி வரும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பணத்தை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. கொஞ்சம் பங்குகள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. அந்த விலையால் மற்றப் பங்குகளையும் பெருக்கிவிட்டார்கள்.

விலை குறைவான பங்கு மலிவு என்ற எண்ணமும் இந்தக் கணக்கின் முன் நிற்காது. 50-க்கு விற்கும் பங்கு, மொத்தம் 10 கோடி பங்குகள் என்றால் கம்பெனியின் மதிப்பு 500 கோடி. 2,000-க்கு விற்கும் பங்கு, மொத்தம் 10 லட்சம்தான் என்றால் 200 கோடி. இரண்டாவது கம்பெனிதான் சிறியது. 2024 ஜூனில் அமெரிக்க சிப் கம்பெனியான என்விடியா தன் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. விலை பத்தில் ஒன்றானது. வைத்திருந்தவர்களின் பங்குகள் பத்து மடங்காயின. சொத்து அப்படியே இருந்தது. பணம் வாங்காமல் கம்பெனி கூடுதலாகத் தரும் போனஸ் பங்கும் இதே போலத்தான். லாபத்திலிருந்து கம்பெனி பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் டிவிடெண்டும் இலவசம் அல்ல. 100-க்கு விற்கும் பங்குக்கு 4 டிவிடெண்ட் என்றால், அதைப் பெறும் உரிமை பங்கிலிருந்து நீங்கும் நாளில் விலை ஏறக்குறைய 96-ல் தொடங்குவதுதான் இயல்பு.

மலிவா இல்லையா என்பதற்கு விலையை லாபத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு பங்குக்கு ஆண்டு லாபம் 5, விலை 100 என்றால் பி.இ. விகிதம், அதாவது விலையை லாபத்தால் வகுத்து வரும் எண், 20. ஆனால் உருக்கு போன்ற தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும் ஆண்டில்தான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அந்த லாபம் நீடிக்காது என்று சந்தை ஏற்கெனவே கணக்குப் போட்டிருக்கும். பி.இ. குறைவு என்ற ஒரே காரணத்துக்காக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

[திரையில்: குறியீட்டெண் வரைபடம்]

'சந்தை இன்று ஏறியது' என்றால் குறியீட்டெண் ஏறியது என்று பொருள். தேர்ந்தெடுத்த சில கம்பெனிகளின் பங்கு விலைகளை ஒரே எண்ணாகச் சுருக்கிக் காட்டுவதுதான் குறியீட்டெண். அமெரிக்கப் பத்திரிகையாளர் சார்லஸ் டோ 1896-ல் 12 கம்பெனிகளின் பங்கு விலைகளைக் கூட்டி, 12-ஆல் வகுத்துத் தொடங்கியதுதான் டோ ஜோன்ஸ் தொழில் குறியீட்டெண். இன்று அதில் 30 கம்பெனிகள். இன்றும் அதில் பங்கின் விலை அதிகமாக இருந்தால் செல்வாக்கும் அதிகம். கம்பெனியின் அளவு கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500, இந்தியாவின் நிஃப்டி 50 போன்ற குறியீட்டெண்கள் சந்தையில் கைமாறக்கூடிய பங்குகளின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகின்றன. அவற்றில் பெரிய சில கம்பெனிகள் ஏறினாலே போதும், பல சிறிய கம்பெனிகள் இறங்கிய நாளிலும் குறியீட்டெண் உயர்ந்து நிற்கலாம்.

தொடர்ந்து ஏறும் காலத்தைக் காளைச் சந்தை என்றும், உச்சத்திலிருந்து 20 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் கரடிச் சந்தை என்றும் சொல்வது வழக்கம். இறக்கத்தின் கணக்கு கொடுமையானது. 50 சதவீதம் இழந்தவர் பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். 1929 செப்டம்பரில் 381-ஐத் தொட்ட டோ ஜோன்ஸ், 1932 ஜூலையில் 41-க்கு வந்தது. பழைய உச்சத்தை மீண்டும் எட்டியது 1954 நவம்பரில். ஜப்பானின் நிக்கேய் குறியீட்டெண் 1989 டிசம்பர் உச்சத்தைக் கடக்க 2024 பிப்ரவரி வரை ஆனது. இடையில் வந்த டிவிடெண்டுகள் இந்த எண்களில் சேராது. உச்சத்தில் மட்டும் மொத்தப் பணத்தையும் போட்டவர்களின் கதை இது என்பதும் சரி. ஆனாலும் இரண்டு ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடன் வாங்கிப் போடவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு நாளில் எத்தனை பங்குகள் கைமாறின என்பது வால்யூம். அது மிகக் குறைவாக இருக்கும் பங்குகளில், நாம் பார்த்த 600 பங்கு ஆர்டர் போலச் சில ஆர்டர்களாலேயே விலையை ஏற்றிவிட முடியும். முன்பே வாங்கி வைத்தவர்கள் அப்படி ஏற்றி, 'நாளைக்கு இரண்டு மடங்கு' என்று குழுக்களில் செய்தி பரப்பி, நம்பி வருகிறவர்களின் தலையில் கட்டிவிட்டு வெளியேறுவார்கள். நீங்கள் விற்கப் போகும்போது இடப்பக்கம் காலியாக இருக்கும். யார் எந்தப் பங்கைச் சொன்னாலும் முதலில் ஆர்டர் புக்கைத் திறந்து, வாங்குவதற்கு எத்தனை பேர், எத்தனை பங்குகளுக்குக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

[திரையில்: காண்ட்ராக்ட் நோட்]

முதல் முறை வாங்கிய பிறகு புரோக்கர் அனுப்பும் காண்ட்ராக்ட் நோட்டை மூடிவைத்துவிடாதீர்கள். எத்தனை பங்குகள் எந்த விலைக்குக் கிடைத்தன, தரகு எவ்வளவு, வரி எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். ஆர்டர் போடும்போது திரையில் இருந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்திருந்து இதோடு ஒப்பிடுங்கள். பங்குகள் உங்கள் கணக்கில் வந்து சேருவதற்கு, இந்தியா, அமெரிக்கா இரண்டிலும் வியாபாரம் நடந்த நாளுக்கு அடுத்த வேலை நாள் ஆகும். அன்று கணக்கைத் திறந்து, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.